இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தாய் மாறிய நாள்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, விரிகுடாக் கரையில் குடும்பம் கூடும் இடத்தின் உணவுக்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். குடும்பத்தின் மூத்தவர் பிரிஹிரா. அவருடைய தங்கை கட்டரைனா. கட்டரைனாவின் மகன் டிப்பெனே. பிரிஹிரா வளர்த்த பெண் எரானா. சமையலறையிலிருந்து உணவு நீட்டும் திறப்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சமையல் பொறுப்பாளி ஹூஹனா. ஆறாவதாக ஒருவர் அங்கே இல்லை. நேரில் பார்த்ததாக இன்று சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லோரும் பத்து மணிக்கு மேல் வண்டியில் வந்து இறங்கியவர்கள்.

ஐந்து பேரும் சுவரில் ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்ப அறக்கட்டளையின் உறுப்பினர் பட்டியல் அது. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தாய் பெயர், தந்தை பெயர். வெள்ளிக்கிழமை மாலை அச்செடுத்து, விடிந்ததும் ஹூஹனா ஒட்டியது.

கட்டரைனா முதல் வரியில் விரலை வைத்தார்.

"பெர்த்துல இருக்கிற ரெண்டு வயசுப் பொடியனுக்கு எங்கம்மா தாயா? எங்கம்மா செத்து முப்பது வருஷம். கல்லறை மேட்டுல படுத்திருக்கா. எந்திரிச்சுப் போயி பிள்ளை பெத்துட்டு வந்தாளா?"

"அத விடுங்க," என்றாள் ஹூஹனா. "ஏழாவது வரியப் பாருங்க. அதே பொடியனோட அப்பன் ராவிரிக்குத் தாய் யாருன்னு போட்டிருக்கு? பிரிஹிரா! பெரியக்கா, பிள்ளை பொறந்த சேதிய ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒரு கேக்காவது போட்டிருப்பேனே."

பிரிஹிரா கையை நீட்டி அந்த முதல் தாளை மட்டும் சுவரிலிருந்து உரித்தார். நான்காக மடித்துக் கம்பளிச் சட்டையின் பையில் வைத்தார். ஒரு சொல் பேசவில்லை. குடும்பம் கூடிப் பேசவும் விருந்தினர் தங்கவும் உள்ள கூட்டவீட்டில் படுக்கைகளுக்கு விரிப்பு போட வேண்டும் என்று நிமிர்ந்த முதுகோடு வெளியே நடந்தார்.

எரானாவுக்கு அது உறுத்தியது. தப்பைக் கண்டால் பெரியம்மா சும்மா விடுகிறவர் அல்ல.

இதுவரை தொடர்ந்து வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விரிகுடாவைச் சிப்பி வளர்க்கும் கம்பெனிக்கு முப்பது வருடக் குத்தகைக்கு விடுவதா வேண்டாமா என்று அன்று குடும்பம் வாக்களிக்க இருந்தது. அதற்கு முன் கூட்டவீட்டில் ஒவ்வொரு உறுப்பினர் பெயரையும் தாய் தந்தை பெயரோடு உரக்க வாசிக்க வேண்டும் என்பது பிரிஹிராவின் நிபந்தனை. யார் எந்த வழி என்று தெரியாமல் கை தூக்கினால் அது சந்தைக் கூட்டம், குடும்பம் அல்ல. மூன்று வாரம் அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல டிப்பெனே தட்டச்சு செய்தான். அந்த முழுப் பட்டியலையும் ஒரே அனுப்பில் வாங்கிப் பதிவேட்டில் சேர்க்கும் பைதான் நிரல் எரானா எழுதியது. பதிவேட்டின் காவலும் பதினோரு வருடமாக அவளுடையது.

எரானாவைக் கடைசித் தங்கை ரூயிஹி வெலிங்டனில் பெற்று, பிள்ளையில்லாத மூத்த அக்காவின் கையில் கொடுத்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கரையில் இது ஒளித்துச் செய்கிற காரியம் அல்ல. யார் பெற்றது, யார் வளர்த்தது, இரண்டையும் வெளிப்படையாகச் சொல்வதுதான் மரியாதை. தகப்பன் யார் என்பதை மட்டும் ரூயிஹி சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். அது ஆறு வருடத்துக்கு முன்னால்.

ஆகவே வளர்த்த உறவு என்னவானாலும், பதிவேட்டில் எரானா கடைசி வழிக்காரி. பிரிஹிராவுக்குப் பிறகு கூட்டவீட்டில் முதல் குரல், முதலில் எழுந்து பேசும் தலைமை, நடுத் தங்கை கட்டரைனாவின் வழிக்கு, அதாவது டிப்பெனேக்கு.

"டிப்பெனே தாய் பேரும் மாறியிருக்கு, எம் பேரப்பிள்ளைங்க தாய் பேரும் மாறியிருக்கு," என்றார் கட்டரைனா. "ஓட்டுப் போடுற அன்னிக்குத் தாய் பேரு தானா மாறாது. பதிவேடு யாரு கையில இருக்கு?"

"என் கையிலதான், சின்னப் பெரியம்மா."

"ரெண்டு மணிக்கு வாசிக்கணும். அதுக்குள்ள இது எப்படி நடந்துச்சுன்னு சொல்லு. சொல்ல முடியலைன்னா எல்லாருக்கும் முன்னால பதிவேட்டை டிப்பெனே கையில குடுத்துட்டு ஒதுங்கிக்க. பதினோரு வருஷம் போதும்."

எரானா டிப்பெனேயைப் பார்த்தாள். அவன் போட்டிருந்தது சிப்பிக் கம்பெனியின் மஞ்சள் மேல்சட்டை.

உணவுக்கூடத்தை ஒட்டிய சின்ன அறைதான் அலுவலகம். டிப்பெனே பின்னாலேயே வந்து கதவைச் சாத்தப் போனான்.

"திறந்தே இருக்கட்டும்," என்றாள் எரானா.

"என்னக்கா, நான் கடிச்சா வெச்சிருவேன்?"

அவள் லேப்டாப்பில் நிரலின் குறிப்பேட்டைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை காலை 10.14. அனுப்பியவர்: டிப்பெனே. வந்த வரிகள்: 212. ஏற்றவை: 212. பிழை: இல்லை.

"நீதான் அனுப்பியிருக்க."

"நான்தான் அனுப்பினேன். மறைச்சேனா?"

"அனுப்புறதுக்கு முன்னால பாத்தியா?"

"எத்தன தடவ பாக்குறது? செவ்வாக்கிழமை இருநூத்திப் பன்னெண்டு வரி அனுப்பி, இருநூத்திப் பன்னெண்டு திட்டு வாங்கினவன் நான். மறந்துருச்சா?"

மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு வரிக்கும் நிரல் ஒரே பதிலைத் திருப்பி அனுப்பியிருந்தது: இந்த எண் ஏற்கெனவே வேறொருவருடையது. அந்த வேறொருவர் யார் என்று தேடிப் பார்த்தால், அதே ஆள்.

காரணம் எளிது. வருகிற ஒவ்வொரு வரியையும் வாசலில் நின்று சோதித்து உள்ளே விடுவது சீரியலைசர் என்ற பகுதி. ஒரே ஒருவரின் விவரத்தைத் திருத்தும்போது அதற்கு அவரைத் தெரியும். எண் அவருடையதுதான் என்று விட்டுவிடும். கூட்டமாக இருநூறு பேர் வந்தால் எந்த வரி யாருடையது என்று அதற்குத் தெரியாது. எண்ணைப் பதிவேட்டில் தேடும். அங்கே இருக்கும். ஏற்கெனவே ஆள் இருக்கிறார், போ என்று தள்ளிவிடும். சொந்த வீட்டு வாசலில், நீதான் உள்ளே இருக்கிறாயே என்று தன்னையே காட்டித் தன்னை விரட்டிய கதை.

வியாழக்கிழமை எரானா அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டாள். எண் என்ற கட்டத்தைப் பூட்டினாள். படிக்கலாம், மாற்ற முடியாது. பெயர்க் கட்டம் முன்பே பூட்டியது. பூட்டிய கட்டத்தை யாரும் சோதிப்பதில்லை. பிழைகள் எல்லாம் மறைந்தன. ஐந்து வரி அனுப்பிப் பார்த்தாள். ஐந்தும் சரியாக உட்கார்ந்தன. கிஸ்போர்னில் பழம் அடுக்கும் கம்பெனிக்கு நிரல் எழுதும் வேலை வேறு காத்திருந்தது. போதும் என்று விட்டுவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை காலைல இந்த அறையில யாரு இருந்தா?" என்று கேட்டாள்.

"எட்டு மணிக்குப் பெரியம்மாகிட்ட சாவி வாங்கிப் பட்டியலைத் திறந்து வெச்சுட்டு, சாவியத் திருப்பிக் குடுத்துட்டு மண்ணடுப்புக்குக் கல்லும் விறகும் ஏத்தப் போயிட்டேன். பத்து மணிக்குத்தான் வந்தேன். சாவி பெரியம்மாகிட்ட ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு. ஒம்பது மணிவாக்குல உங்க வண்டி இங்க நின்னுச்சாம். ஹூஹனா சொன்னா."

"சார்ஜர எடுக்க வந்தேன். அறைக்குள்ள வரல, சமையலறையிலதான் இருந்துச்சு."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

சொல்லாமல் சொல்வதில் அவன் தாயைக் கொண்டிருந்தான்.

அறைக் கம்ப்யூட்டரில் வெள்ளிக்கிழமைப் பட்டியல் இருந்தது. எரானா அதில் ராவிரி என்று தேடினாள். நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் ஒரு வரியில் வந்து நின்றது. எண் 7, தாய் பெயர் சரியாக இருந்தது. பெர்த் பொடியனைத் தேடினாள். எண் 1. அதுவும் சரி. டிப்பெனேயைத் தேடினாள். தாய் கட்டரைனா. சரி.

அனுப்பிய பட்டியல் சரி. பதிவேடு தப்பு. நடுவில் இருப்பது அவள் எழுதியது மட்டும்.

"என்னக்கா, என் மேல ஒண்ணும் கிடைக்கலையா?"

"வாய மூடு கொஞ்சம்."

எண் ஏழு எதற்காக நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் ஒரு வரிக்குப் போனது? பட்டியலின் தலைக்குப் போய்ப் பெயர்களை வாசித்தாள். முதல் வரி பிரிஹிரா. அடுத்தது கட்டரைனா. அதற்கடுத்து டிப்பெனே, அவன் பிள்ளைகள் மூன்று பேர். இன்னும் கீழே போகப் போக, பாட்டியின் தம்பி வழி. அதற்கும் கீழே பாட்டியின் கடைசித் தங்கை வழி. ஒவ்வொரு வழியிலும் தலைப்பிள்ளை முன்னால், இளையது பின்னால். பதிவேட்டு எண் ஒன்றுகூட வரிசையாக இல்லை. பிறந்த முறை மட்டும் பிசகாமல் இருந்தது.

டிப்பெனே எட்டிப் பார்த்தான். "இது நான் அடிச்ச வரிசை இல்ல. நான் எண் வரிசைப்படி அடிச்சேன்."

எரானா தலையாட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரை மூத்தமுறை, இளையமுறை தவறாமல் புத்தகம் பார்க்காமல் அடுக்கக்கூடியவர் அந்தக் கரையில் ஒருவர்தான் உண்டு.

கூட்டவீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். இரண்டு சுவரோரமும் விருந்தினருக்குப் படுக்கைகள். பிரிஹிரா குனிந்து ஒரு விரிப்பின் முனையை மடக்கிச் செருகிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, வெள்ளிக்கிழமை காலைல ஆபீசு அறையில உக்காந்தீங்களா?"

"உக்காந்தேன்."

"பட்டியலத் தொட்டீங்களா?"

"அதுக்குப் பேரு பட்டியலா? பெர்த்துல பால்புட்டி சப்புற பொடியன் முதல் வரியில. நான் நூத்தி நாப்பத்தி மூணு. எங்கம்மா வழிய எங்கயோ வாலுல சொருகி வெச்சிருக்கு. அதை இந்த வீட்டுக்குள்ள வாசிச்சா மேட்டுல படுத்திருக்கிறவங்க புரண்டு படுப்பாங்க."

"அது சேந்த வரிசை, பெரியம்மா. போன வருஷம் எல்லாரும் புதுசாப் பதிஞ்சப்ப யாரு முதல்ல வந்தாங்களோ அவங்களுக்கு முதல் எண்."

"பொறந்த வரிசைன்னு ஒண்ணு இருக்கு. கூட்டத்துல முந்திக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா மூத்தவனாயிர முடியுமா?"

"இருநூத்திப் பன்னெண்டு வரியையும் நீங்களே வெட்டி ஒட்டுனீங்களா?"

"கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். கண்ணு எரிஞ்சுபோச்சு."

எரானா விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். "வாசல்ல செருப்பு கிடக்கு பாருங்க. ஒவ்வொண்ணுலயும் எண் எழுதியிருக்குன்னு வெச்சுக்கோங்க. என் நிரல் அந்த எண்ணைப் பாக்கணும். பாக்கல. எண்ணை வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு, முதல் செருப்பை முதல்ல வர்ற ஆளுக்கு மாட்டிருச்சு, ரெண்டாவது ரெண்டாவது ஆளுக்கு. பழைய வரிசையில எல்லாருக்கும் சொந்தச் செருப்பே வந்து சேந்துச்சு. அதனால எனக்குத் தெரியல. நீங்க மூத்த முறைக்கு மாத்தி வெச்சதும் எல்லாருக்கும் அடுத்தவங்க செருப்பு."

"கண்ண மூடிக்கிட்டு மாட்டச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப தப்பு உன்னோடது."

"ஆமா பெரியம்மா."

"கட்டரைனாகிட்ட அதை நிமிந்து நின்னு சொல்லு. ஒத்துக்கிட்ட தப்புக்கு யாரும் குனிய வேண்டாம்."

எரானா போகத் திரும்பியவள், கேட்டு வைப்போம் என்று கேட்டாள். "வரிசைதானே மாத்துனீங்க? எழுத்து எதையும் தொடலையே?"

பிரிஹிரா தலையணையை இரண்டு தட்டுத் தட்டினார். "நீ வரிசையைக் கேட்ட. வரிசையைச் சொல்லிட்டேன். அந்த உறைய எடு இப்படி."

பொய் சொல்லாதவர்களிடம் ஒரு சங்கடம் உண்டு. அவர்கள் பதில் சொல்லாமல் விட்ட இடம் தனியாகத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்குள் எரானா நிரலைச் சரி செய்தாள். எண் கட்டத்தின் பூட்டை எடுத்தாள். வருகிற வரி எந்த இடத்தில் நின்றாலும், அதன் எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்குரிய ஆளை எடுத்து, அவர் கையிலேயே கொடுக்கும்படி எழுதினாள். இல்லாத எண் வந்தாலோ ஒரே எண் இரண்டு முறை வந்தாலோ முழு அனுப்பையும் நிறுத்தச் சொன்னாள். பிறகு பட்டியலைத் தலைகீழாகப் புரட்டி ஒரு முறை, கலைத்துப் போட்டு ஒரு முறை அனுப்பிப் பார்த்தாள். பொடியனுக்கு அவன் தாய் கிடைத்தாள். மேட்டில் படுத்திருந்தவர் தன் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தார்.

டிப்பெனே இவ்வளவு நேரமும் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னத்தான் சந்தேகப்பட்டேன்," என்றாள் எரானா.

"தெரியும். நானும் உங்களத்தான்."

"இப்ப?"

"பாதி கொறஞ்சிருக்கு."

ஹூஹனா பொரித்த ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "தீந்துச்சா? ராவிரிய எங்க பெரியக்கா தத்துக் குடுத்தாச்சா? பாவம், காலைல பெத்து மத்தியானம் பறிகொடுத்துட்டா."

எரானா ரொட்டியைப் பிட்டாள். பிட்டது வாய்க்குப் போகவில்லை.

அவளுடைய பிழை ஒருவருடைய தாயைக் கொண்டுபோய் இன்னொருவருக்குக் கொடுத்தது. இருந்ததை இடம் மாற்றியது. இல்லாத பெயரை உண்டாக்க அதற்குத் தெரியாது. பிரிஹிராவுக்குப் பிள்ளை இல்லை என்றால், தாய் பெயர் வரிசையில் பிரிஹிரா என்ற பெயரே வரக் கூடாது. ராவிரிக்கு வந்தது என்றால், அனுப்பிய பட்டியலில் யாரோ ஒருவருக்கு எதிரே அது இருந்திருக்கிறது.

"டிப்பெனே, நீ அடிச்ச பழைய காப்பி இருக்கா? வரிசை மாறாதது?"

"வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாக்கு மெயில்ல அனுப்பினேன். பிழை பாக்கச் சொல்லி."

இரண்டு பட்டியல்களையும் எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருநூற்றுப் பதினொரு வரிகளில் ஓர் எழுத்து வேறுபாடு இல்லை. ஒரு வரி மட்டும் வந்து நின்றது.

எண் 58. எரானா. தாய்: வியாழக்கிழமை, ரூயிஹி. வெள்ளிக்கிழமை, பிரிஹிரா. தந்தை: இரண்டு நாளும் வெற்றுக் கட்டம்.

காலையில் மூன்று பேரைத் தேடியவள், தன் பெயரைத் தேடிப் பார்க்கவில்லை.

டிப்பெனே ஜன்னல் விளிம்பிலிருந்து மெதுவாக இறங்கினான். ஹூஹனா தட்டை எடுக்கிற சாக்கில் திரையைப் படித்துவிட்டாள்.

"ரூயிஹின்னு அவங்க சொல்லி நான் அடிச்சது, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றான் டிப்பெனே. "கடைசி வழியில இருக்கிற ஒருத்தர் மூத்த வழிக்குப் போயிட்டா, பெரியம்மாக்கு அப்புறம் முதல் குரல் யாருக்கு?"

"நான் இதைத் தொடல."

"அப்ப யாரு? சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு."

ஒரு பெயர் சொன்னால் போதும். அந்தப் பெயர் அவள் நாக்கு வரை வந்தது. வெள்ளிக்கிழமை அந்த அறையில் உட்கார்ந்ததை அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அதைச் சொன்னால், மூன்று வாரம் நினைவிலிருந்து ஒரு பெயர் பிசகாமல் சொன்னவர், வளர்த்த பாசத்துக்காகப் பதிவேட்டில் பொய் எழுதினார் என்றாகிவிடும். வாக்கெடுப்பு நாளில். எல்லா வழியும் கூடியிருக்கும்போது. அவருடைய எழுபத்திரண்டு வருடச் சொல்லும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும்.

எரானா வாயைத் திறக்கவில்லை.

"அம்மாட்ட சொல்லியாகணும், அக்கா. மறைச்சா நானும் கூட்டாயிருவேன்," என்று சொல்லிவிட்டு டிப்பெனே போனான். அவன் போகும் முன்பே ஹூஹனா அந்தச் செய்தியோடு சமையலறையில் இருந்தாள்.

எரானா கூட்டவீட்டுக்கு ஓடினாள். அதற்குள் நேரம் தவறிவிட்டது. வாயிலில் விருந்தினர் கூட்டம் கூடி நின்றது; அவர்களை உள்ளே அழைக்கும் வரவேற்புக் குரல் எழுந்துவிட்டது. முற்றத்தின் எதிர்ப்பக்கம், வீட்டுக்காரர்களின் முன் வரிசையில், கறுப்பு உடையில் பிரிஹிரா. அந்தக் குரல் எழுந்த பிறகு முற்றத்தைக் குறுக்கே கடந்து ஒருவர் காதில் ரகசியம் பேச யாருக்கும் உரிமை இல்லை. எரானா பின்வரிசையில் போய் நின்றாள்.

முன்னால் நின்ற இரண்டு பெண்கள் தலையைத் திருப்பாமலே பேசிக்கொண்டார்கள்.

"ரூயிஹி பேரை அழிச்சுட்டாளாம்."

"செத்தவ கேக்கவா போறா?"

"மூத்தவ பேரைப் போட்டுக்கிட்டாளாம். நாற்காலிக்கு ஆசை."

"அதான பாத்தேன். கம்ப்யூட்டர் தெரிஞ்சவ கையில பேனாவையும் குடுத்தா..."

இரண்டு மணிக்குப் பிரார்த்தனை முடிந்தது. கூட்டவீட்டில் இடமில்லை, சுவரோரப் படுக்கைகளில் எல்லாம் ஆட்கள். எரானா நடுத்தூணருகே நின்று முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"காலைல ஒட்டின பட்டியல் தப்பு. அதுக்குக் காரணம் என் நிரல். பட்டியல் எந்த வரிசையில வேணா வரலாம். எண்ணைப் பாத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியது என் நிரலோட வேலை. அது பாக்கல. இப்ப சரி பண்ணியாச்சு. தாய் பேரு மாறி மனசு சங்கடப்பட்ட எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அவள் மூத்த முறைப்படி வாசிக்கத் தொடங்கினாள். பிரிஹிரா, தாய் மெரேயானா. கட்டரைனா, தாய் மெரேயானா. டிப்பெனே, தாய் கட்டரைனா. அவன் பிள்ளைகள் மூன்று பேர். ஆறு பெயர்கள் முடிந்தன.

ஏழாவது அவளுடையது. அவள் நிறுத்தினாள்.

கட்டரைனா எழுந்தார். "வாசி."

எரானா தாளைப் பார்த்தபடி நின்றாள்.

"எல்லார் தாய் பேரையும் வாசிச்சியே. உன் தாய் பேரையும் வாசி. வியாழக்கிழமை வரைக்கும் எந்தங்கச்சி பேரு அங்க இருந்துச்சு. எங்கிட்ட காப்பி இருக்கு. வெள்ளிக்கிழமை அது இல்ல. இதுவும் உன் நிரல் பண்ணினதா?"

"இல்ல, சின்னப் பெரியம்மா. இது நிரல் பண்ணினது இல்ல. மனுஷக் கை."

"யாரு கை?"

"சொல்ல மாட்டேன்."

"கேட்டுக்கோங்க எல்லாரும். சொல்ல மாட்டாளாம்." கட்டரைனாவின் குரல் உடைந்தது. அதில் கோபம் மட்டும் இல்லை. செத்துப்போன தங்கைக்கான வலியும் இருந்தது. "ரூயிஹி உன்னப் பெத்தா. நீ அவ பேரைத் துடைச்சுப் போட்டுட்ட. டிப்பெனே, போ. பதிவேட்டை வாங்கு."

டிப்பெனே எழுந்து வந்தான். எரானாவின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான். அவள் லேப்டாப்பை மூடினாள். பதினோரு வருடம். கொடுத்துவிடலாம் என்று தூக்கினாள்.

"கைய இறக்கு, டிப்பெனே."

பிரிஹிரா எழுந்து நின்றிருந்தார்.

"வாசல்ல நிக்கும்போதே ஒரு பேச்சு என் காதுல விழுந்துச்சு. எரானா தன் தாய் பேரை மாத்திக்கிட்டான்னு. தப்பு. அவ தொடல. வெள்ளிக்கிழமை காலைல, இந்தக் கையால, நான் மாத்தினேன்."

"அக்கா!" என்றார் கட்டரைனா. "வளத்த பாசத்துக்காகப் பதிவேட்டுல பொய் எழுதலாமா நீ?"

"அதுவும் தப்பு," என்றார் பிரிஹிரா. "ரூயிஹி அவளைப் பெறல. நான் பெத்தேன்."